ஐந்து முறைக்கு ஒரு கடிதம்

‘பிசியோவைப் பார்க்க ஜீபி கடிதம் வேண்டுமா?’ மெல்பர்னிலோ சிட்னியிலோ நாலு தமிழர் கூடி, பேச்சு முழங்கால், தோள்பட்டை, இடுப்பு என்று திரும்பினால் இந்தக் கேள்வி வராமல் போகாது. ஜீபி என்ற குடும்ப மருத்துவரின் கடிதம் கட்டாயம் வேண்டும் என்பார் ஒருவர். நான் நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்தேனே என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரி. அவர்கள் பதில் சொல்வது இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு. சிகிச்சை பெற யாராவது அனுமதி தரவேண்டுமா என்பது ஒன்று. அந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் தருமா என்பது மற்றது. ஆஸ்திரேலியாவில் முதல் கேள்விக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே ‘வேண்டாம்’ என்று பதில் வந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கோ பெரும்பாலும் கடிதம் இல்லாமல் பேச்சே கிடையாது.

இந்த இரண்டும் பிரிந்து நிற்பதில்தான் நோயாளியின் குழப்பமெல்லாம் இருக்கிறது. எதற்குக் கடிதம், யாருக்குக் காசு, ஏன் ஐந்து முறை மட்டும், ஏன் காலில் சுளுக்கு என்றால் ஒரு காசும் இல்லை என்ற கேள்விகளுக்கு மருத்துவக் காரணம் தேடினால் கிடைக்காது. வரலாற்றுக் காரணம்தான் கிடைக்கும்.

இன்றைய ஆஸ்திரேலிய பிசியோதெரபி சங்கத்தின் வேர் 1906இல் தொடங்கிய ஆஸ்திரலேசிய மசாஜ் சங்கத்தில் இருக்கிறது. 1939இல்தான் அது இன்றைய பெயரைச் சூடிக்கொண்டது. இடையில் ஓர் உலகப்போர் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. இளம்பிள்ளை வாதம் அலையலையாக வந்து போனது. கை கால் இழந்தவர்களையும் முடங்கிய குழந்தைகளையும் நடக்க வைக்கும் வேலை இந்தத் தொழிலுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது. ஆனாலும் மருத்துவர் அனுப்பி வைக்கும் நோயாளியை மட்டுமே பார்ப்பது என்ற விதி அதன் ஒழுக்கநெறிகளில் முதலாவதாக இருந்தது. பணிவோடு கொஞ்சம் சாமர்த்தியமும் அதில் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. மருத்துவரின் நிழலில் நின்றால்தான் கண்ட கண்ட மசாஜ்காரர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட முடியும். 1976இல் சங்கம் அந்த விதியை எடுத்தெறிந்தது. அன்றிலிருந்து ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் நோயாளியைத் தானே முதலில் பார்த்து, தானே கண்டறிந்து, தானே சிகிச்சை தரலாம். உலகில் இந்த உரிமையை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தாம். 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறையும் வந்துவிட்டது. பதிவில்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் குற்றம்.

தொழிலுக்குச் சுதந்திரம் வந்த அதே காலத்தில்தான் நாட்டின் மருத்துவக் காப்பீடும் பிறந்தது. 1973இல் சட்டம், 1975 ஜூலை 1இல் விட்லம் அரசின் மெடிபேங்க், அதைப் பின்வந்த ஃபிரேசர் அரசு பிரித்துப் போட, 1984 பிப்ரவரி 1இல் ஹாக் அரசு மெடிகேர் என்ற பெயரில் மீண்டும் நிறுத்தியது. இந்த இழுபறி முழுவதும் மருத்துவர்களின் கட்டணத்தைப் பற்றியது. மருத்துவர் சங்கம் எதிர்த்தது, அரசு பேரம் பேசியது, கடைசியில் உருவானது மருத்துவரின் பில்லைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. பிசியோ, பாத மருத்துவம், உணவியல் முதலியவை பொது மருத்துவமனைக்குள் நடந்தால் இலவசம். தெருமுனை கிளினிக்கில் நடந்தால் அவரவர் பாடு. கடிதம் தேவையில்லை என்ற உரிமை கிடைத்த தொழிலுக்கு, மெடிகேரில் இடம் கிடைக்கவில்லை.

அந்த இடம் இருபது ஆண்டு கழித்து, அதுவும் பின்வாசல் வழியாக வந்தது. நாள்பட்ட நோய்கள் பெருகியதும், பத்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்பும் குடும்ப மருத்துவரால் சர்க்கரையையும் மூட்டுத் தேய்மானத்தையும் சமாளிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 1999இல் திட்டமிட்ட கவனிப்புக்கு மருத்துவருக்குத் தனித்தொகை வந்தது. 2004 ஜூலை 1 முதல், டோனி அபட் சுகாதார அமைச்சராக இருந்தபோது, அப்படித் திட்டம் போட்ட நோயாளிகளுக்கு மட்டும் பிசியோ உள்ளிட்ட துணைமருத்துவச் சேவைகள் ஐந்துக்கு மெடிகேர் காசு தரும் என்றானது. பிசியோவுக்கு 10960 என்ற எண். மருத்துவருக்கு அளந்து தைத்த சட்டையில் மீந்த துணி இது. அதில்தான் பிசியோவுக்குக் கைக்குட்டை அளவு கிழித்துக் கொடுத்தார்கள். முதல் திட்டத்தின் பெயர்ச்சுருக்கமான ‘ஈபிசி’ 2005லேயே காலாவதியாகிவிட்டது. கிளினிக் வரவேற்பு மேசைகளில் இன்னும் அந்தப் பெயர்தான் புழங்குகிறது. நம்மவர்கள் ‘கேர் பிளான்’ என்கிறார்கள்.

2005 முதல் இருபது ஆண்டுகள் நீடித்த ஏற்பாட்டில் கேர் பிளான் இரட்டைப் பிறவி: மருத்துவரின் மேலாண்மைத் திட்டம் ஒன்று, குழுக் கவனிப்பு ஏற்பாடு ஒன்று. இரண்டாவதைப் போட, மருத்துவர் தவிர வேறு இரண்டு வல்லுநர்களாவது நோயாளியைக் கவனித்துக்கொள்ள ஒப்பவேண்டும். நடைமுறையில் இது ஃபேக்ஸ் தாள்களின் போக்குவரத்தாகச் சுருங்கியது. முகம் தெரியாத பாத மருத்துவருக்கு ஒரு தாள் போகும், கையெழுத்தாகித் திரும்பும், ‘குழு’ கூடிவிட்டதாகக் கணக்கு. 2025 ஜூலை 1இல் இதையெல்லாம் கலைத்து, ‘ஜீபி நாள்பட்ட நோய் மேலாண்மைத் திட்டம்’ என்ற ஒரே ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வல்லுநர் நிபந்தனை போயிற்று. தனிப் படிவம் போயிற்று. சிறப்பு மருத்துவருக்கு எழுதுவதுபோல ஒரு சாதாரணக் கடிதம் போதும். அதில் எத்தனை முறை என்று எழுதத் தேவையில்லை. கடிதத்தில் வேறு காலம் குறிப்பிடாவிட்டால், அதன்கீழ் முதல் சேவை பெற்ற நாளிலிருந்து பதினெட்டு மாதம் செல்லும். திட்டமும் கடந்த பதினெட்டு மாதத்துக்குள் போடப்பட்டதாகவோ மறுபார்வை செய்யப்பட்டதாகவோ இருக்கவேண்டும். ‘மைமெடிகேர்’ பதிவில் ஒரு கிளினிக்கோடு சேர்ந்திருப்பவர் அந்தக் கிளினிக்கில்தான் திட்டம் போட்டுக்கொள்ள முடியும்.

மாறாத ஒன்று ஐந்து.

யாருக்கு இந்தத் திட்டம் போடலாம்? நோய்ப் பட்டியல் கிடையாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்த, அல்லது நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்படும் நோயாக இருக்கவேண்டும் என்பதுதான் அளவுகோல். உயிர்போக்கும் நோயும் இதில் அடங்கும். முழங்கால் தேய்மானம், பக்கவாதத்துக்குப் பிந்தைய தளர்ச்சி, பார்க்கின்சன், ஆண்டுக்கணக்கான முதுகுவலி ஆகியவற்றில் சந்தேகமே இல்லை. சர்க்கரை நோயாளிக்குத் தோள் இறுகிக்கொண்டால் அதுவும் எளிதில் பொருந்தும். கிரிக்கெட்டில் கணுக்கால் பிசகினால் பொருந்தாது. நேற்று மூட்டை தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டவருக்கும் பொருந்தாது. பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கட்டுப்படாமல் அவதிப்படும் பெண்ணின் கதி இடையில் தொங்குகிறது. இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடக்கத்திலேயே பெற்றால் பலருக்குக் குறை தீர்ந்துவிடும். ஆனால் ‘நாள்பட்டது’ என்று மருத்துவர் மனம் இசைந்தால்தான் மெடிகேர் திரும்பிப் பார்க்கும். வருமுன் காப்பதைவிட வந்து ஊறியபின் கவனிப்பதற்குக் காசு ஒதுக்கும் விந்தை இந்த ஏற்பாட்டின் அடித்தளத்திலேயே இருக்கிறது. ‘நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்படும்’ என்ற தொடர்தான் ஒரு சின்ன இடைவெளி விடுகிறது. இரக்கமுள்ள மருத்துவர் அதைத் தாராளமாகப் படிப்பார். தணிக்கைக்கு அஞ்சுபவர் கறாராகப் படிப்பார். ஒரே முதுகுவலி ஒரு தெருவில் தகுதி பெறுவதும் அடுத்த தெருவில் பெறாததும் இதனால்தான்.

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது அந்த ஐந்தைத்தான். பிசியோவுக்கு ஐந்து, பாத மருத்துவருக்கு ஐந்து, உணவியலாளருக்கு ஐந்து என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். எல்லோருக்கும் சேர்த்தே ஐந்துதான். சர்க்கரையும் மூட்டுவலியும் சேர்ந்துள்ள ஒருவர் காலைக் காட்ட இரண்டு முறை, சாப்பாட்டுக்கு ஒரு முறை போய்விட்டால் பிசியோவுக்கு மிஞ்சுவது இரண்டு. கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. மிச்சம் வைத்தால் அடுத்த ஆண்டுக்குச் சேராது. பூர்வகுடி மக்களுக்கும் டோரஸ் நீரிணைத் தீவினருக்கும் மட்டும் ஆண்டுக்குப் பத்து. உளவியல் சிகிச்சைக்கு 2006 நவம்பரில் தொடங்கிய தனித் திட்டத்தில் எவருக்கும் ஆண்டுக்குப் பத்து முறை உண்டு. வளர்ச்சிக் குறைபாடும் சில ஊனங்களும் உள்ள இளையோருக்கு வேறொரு வழியில் வாழ்நாளில் இருபது சிகிச்சை உண்டு. அதில் பிசியோவும் அடங்கும். அந்தந்தக் காலத்து அமைச்சர்கள், அந்தந்த ஆண்டின் நிதிநிலை இவற்றிலிருந்து பிறந்த எண்கள் இவை.

இனிப் பணம். 2025 ஜூலை நிலவரப்படி 10960க்கு மெடிகேர் திருப்பித் தரும் தொகை 61 டாலர் 80 சென்ட். குறைந்தது இருபது நிமிடமாவது நோயாளியைத் தனியாகப் பார்த்திருக்கவேண்டும். பிசியோ தன் கட்டணத்தைத் தானே முடிவு செய்யலாம். நகரங்களில் அது நூறு டாலரைத் தாண்டுவது சாதாரணம். 110 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் 48 டாலருக்கு மேல் கைக்காசு. இதைத்தான் ‘கேப்’ என்கிறார்கள். சில கிளினிக்குகள் மீள்தொகையையே முழுக் கட்டணமாக ஏற்று ‘பல்க் பில்’ செய்கின்றன. அப்படிச் செய்தால் நோயாளியிடம் மேலும் ஒரு காசு வாங்கக்கூடாது. அந்தத் தொகையில் கடை நடத்தவேண்டும் என்றால் இருபது நிமிடத்தை இருபத்தொன்றாக்க அவர்கள் தயங்குவார்கள் என்பதையும் நோயாளி தெரிந்து வைத்திருப்பது நல்லது. கேப் தொகை மெடிகேரின் விரிவுபடுத்தப்பட்ட பாதுகாப்பு வலைக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. ஆண்டில் நிறையச் செலவாகும் குடும்பங்களுக்கு அது உதவும்.

இந்தக் காசைத் திறக்கும் சாவிக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தால்தான் கூத்து புரியும். பழைய ஏற்பாட்டின் கடைசி ஆண்டில் இரட்டைத் திட்டம் போட மருத்துவருக்கு மெடிகேர் கொடுத்தது சேர்த்து ஏறத்தாழ 295 டாலர். அதன்பின் ஐந்து சேவைகளுக்கு நோயாளிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 300 டாலர். சிகிச்சைக்கு ஒரு டாலர் என்றால், சிகிச்சைக்கு அனுப்பும் தாளுக்கும் கிட்டத்தட்ட ஒரு டாலர்! திட்டம் என்பது பிசியோவுக்கு மட்டுமல்ல, மருந்து, பரிசோதனை, இலக்குகள் எல்லாம் அதில் உண்டு என்று மருத்துவர்கள் சொல்வது நியாயம்தான். நல்ல கேர் பிளான் நோயாளியின் ஓர் ஆண்டை மாற்றிவிடும். ஆனால் பிசியோ காசுக்காகவே திட்டம் போட வருபவர்கள் ஏராளம் என்பது இரு தரப்பும் அறிந்த உண்மை. புதிய ஏற்பாடு தொடங்கியபோது திட்டத்துக்கு 156 டாலர் 55 சென்ட், மறுபார்வைக்கும் அதே தொகை. போட்டுவிட்டு மறந்துபோகாமல், திரும்பிப் பார்ப்பதற்கும் மருத்துவருக்கு அதே ஊக்கம் இருக்கவேண்டும் என்பது கணக்கு. 2025 சீர்திருத்தத்தில் எனக்கு நல்லதாகப் படுவது இதுதான்.

ஐந்து போதுமா என்பதற்கு வருவோம். முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு டென்மார்க்கில் உருவாகி, மெல்பர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகம் வழியாக ஆஸ்திரேலியாவுக்கு வந்த ‘கிளாட்’ என்ற பயிற்சித் திட்டம் இருக்கிறது. இரண்டு விளக்க வகுப்பு, ஆறு வாரத்தில் பன்னிரண்டு உடற்பயிற்சி வகுப்பு. அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் முயன்று பார்க்கவேண்டிய முதல் வழி பயிற்சியும் எடைக்குறைப்பும்தான் என்பதில் வழிகாட்டு நெறிகள் இன்று ஒரே குரலில் பேசுகின்றன. அந்தப் பன்னிரண்டை மெடிகேரின் ஐந்துக்குள் எப்படி அடக்குவது? அதைவிடச் சிக்கல், இந்த வகுப்புகள் குழுவாக நடப்பவை. 10960 தனி ஆளைப் பார்ப்பதற்கானது. தொடக்க மதிப்பீட்டுக்கு மெடிகேர் கைகொடுக்கும், வகுப்புகளுக்குக் கொடுக்காது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு எட்டுக் குழு வகுப்புகளுக்கு மெடிகேர் காசு தருகிறது என்பதால் குழு என்றாலே விலக்கு என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதை நடத்தக்கூடியவர் பட்டியலில் உடற்பயிற்சி வல்லுநர், உணவியலாளர், சர்க்கரைக் கல்வியாளர் உண்டு, பிசியோ இல்லை. பயிற்சிக்குக் காசு கிடைக்காதவர் பல ஆண்டு வலியோடு நடந்து, கடைசியில் மூட்டு மாற்றும் அறுவைக்குப் பொது மருத்துவமனை வரிசையில் நிற்கிறார். அந்த அறுவைச் செலவை அரசுதான் முழுதாக ஏற்கிறது.

ஐந்து முறையை வீணாக்காத பிசியோக்களும் உண்டு. முதல் முறை முழு மதிப்பீடு, இரண்டாம் முறை வீட்டுப் பயிற்சியைச் சொல்லித்தந்து செய்யவைத்துப் பார்த்தல், பிறகு இரண்டு மூன்று வாரம் விட்டு விட்டு மற்ற மூன்று என்று பரப்பிக்கொள்வார்கள். கையால் பிடித்துவிட்டு, மின்கருவி வைத்து, வாரம் ஒன்றாக ஐந்தையும் ஒரு மாதத்தில் கரைத்துவிடும் இடங்களும் இருக்கின்றன. நோயாளிக்கு இரண்டாவது வகையில்தான் சுகம் அதிகம். பலன் முதல் வகையில்தான். நம் ஆட்களுக்குப் பயிற்சித் தாளை வீட்டில் குளிர்பெட்டியில் ஒட்டிவைக்கும் பழக்கம் இருக்கிறது. செய்யும் பழக்கம்தான் குறைவு. முதல் சேவைக்குப் பிறகும் கடைசிச் சேவைக்குப் பிறகும் பிசியோ மருத்துவருக்கு அறிக்கை எழுதவேண்டும் என்பது விதி. அந்த அறிக்கை போயிற்றா என்று கேட்பது நோயாளியின் உரிமை. மறுபார்வையில் மருத்துவர் பார்ப்பதற்குக் கையில் ஏதாவது இருக்கவேண்டும் அல்லவா?

மெடிகேருக்கு வெளியே கடிதம் கேட்காத வழிகளும் கேட்கும் வழிகளும் பல. தனியார் காப்பீட்டின் ‘எக்ஸ்ட்ராஸ்’ பிரிவுக்குக் கடிதம் தேவையில்லை; அட்டையைத் தேய்த்தால் அங்கேயே கழித்துக்கொள்வார்கள். ஒரே சந்திப்புக்கு மெடிகேரிலும் எக்ஸ்ட்ராஸிலும் சேர்த்து வாங்க முடியாது, ஏதாவது ஒன்றுதான். எக்ஸ்ட்ராஸில் அரசுப் பணம் இல்லை என்று எண்ணவேண்டாம். 1999 முதல் தனியார் காப்பீட்டுச் சந்தாவில் ஒரு பகுதியை அரசே ஏற்கிறது. வருமானம் கூடினால் அந்தப் பகுதி குறையும் என்ற நிபந்தனை 2012இல் வந்தது. ஆக, சந்தா கட்டும் வசதி உள்ளவரின் பிசியோ செலவிலும் கருவூலத்தின் கை இருக்கிறது, கடிதமும் ஐந்து என்ற வரம்பும் இல்லாமல். 2019 ஏப்ரலில் யோகா, பிலாத்தீஸ் உள்ளிட்ட இயற்கைச் சிகிச்சைகளைச் சான்று போதாது என்று இந்தச் சலுகையிலிருந்து நீக்கினார்கள். சான்றுகளை மறுஆய்வு செய்தபின் 2025 ஏப்ரலில் அவற்றில் ஏழைத் திரும்பச் சேர்த்தார்கள். யோகாவும் பிலாத்தீஸும் திரும்பிவிட்டன. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் பிசியோ கிளினிக்குகள் வகுப்புகளின் பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்தன.

முன்னாள் படைவீரர் துறையின் அட்டை வைத்திருப்போருக்கு ஜீபி கடிதம் வேண்டும். 2019 அக்டோபர் முதல் ஒரு கடிதம் பன்னிரண்டு முறைக்கோ ஓர் ஆண்டுக்கோ, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். முடிந்தால் புதுக்கடிதம், ஆண்டுக்கு இத்தனை என்ற வரம்பு இல்லை. ஊனமுற்றோர் காப்பீடான என்டிஐஎஸ்ஸில் கடிதம் வேண்டாம், திட்டத்தில் பணம் இருக்கவேண்டும். பிசியோவுக்கு அது தரும் உச்ச மணிக்கட்டணத்தை 2025 ஜூலையில் பத்து டாலர் குறைத்து 183 டாலர் 99 சென்ட் ஆக்கினார்கள். தொலைதூர வீடுகளுக்குப் போய் வந்தவர்கள் கொதித்தார்கள். வேலையிடக் காயத்துக்கு மாநிலம்தோறும் தனிச் சட்டம். விக்டோரியாவில் முதல் தகுதிச் சான்றை மருத்துவர் தரவேண்டும். அடுத்தடுத்த சான்றுகளில் பிசியோவே கையெழுத்திடலாம். ஒரு தொழிலாளி வேலைக்குப் போகலாமா கூடாதா என்று முடிவு சொல்லும் அந்தக் கையெழுத்து, அதே மனிதரின் 61 டாலரை விடுவிக்க மட்டும் செல்லாது. இவை தவிர, பொது மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவுகளும், விக்டோரியாவில் வருமானத்துக்கேற்பக் குறைந்த கட்டணம் வாங்கும் சமூகச் சுகாதார நிலையங்களும் உண்டு. வரிசை நீளம், ஆனால் கேட்டுப் பார்க்காமல் விடுவோர்தான் அதிகம்.

கடல் தாண்டி நியூசிலாந்தில் படம் அப்படியே தலைகீழ். 1967இல் வந்த உட்ஹவுஸ் அறிக்கையைத் தொடர்ந்து 1974 ஏப்ரலில் தொடங்கிய விபத்து இழப்பீட்டுக் கழகம், யார் தவறு என்று கேட்காமல் எந்தக் காயத்துக்கும் பொறுப்பேற்கிறது. கால் பிசகினால் நேரே பிசியோவிடம் போகலாம். அவரே கோரிக்கையைப் பதிவு செய்வார். செலவில் ஒரு பகுதியைக் கழகம் தரும். மருத்துவர் கடிதம் நடுவில் இல்லை. ஆனால் வலி ‘விபத்தால்’ வந்திருக்கவேண்டும். வயதால் தேய்ந்த மூட்டுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். சிட்னியில் தேய்மானத்துக்குக் காசு, சுளுக்குக்கு இல்லை. ஆக்லாந்தில் சுளுக்குக்குக் காசு, தேய்மானத்துக்கு இல்லை. உடம்பு இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் பல பகுதிகளில் நோயாளி தானே பெயர் கொடுத்துக்கொள்ளலாம். காசு கேட்கமாட்டார்கள், காத்திருக்கச் சொல்வார்கள். அமெரிக்காவின் மெடிகேரில் 1997 சட்டம் கொண்டுவந்த ஆண்டு உச்சவரம்பு பல ஆண்டு விதிவிலக்குகளோடு இழுபட்டு 2018இல் நீங்கியது. செலவு கட்டுக்குள் இருக்கவேண்டும் என்று எல்லா அரசும் நினைக்கின்றன. கதவில் காவலாள் நிறுத்துவதா, எண்ணிக்கை வைப்பதா, வரிசையில் நிற்கவிடுவதா என்பதில்தான் வேறுபாடு. ஆஸ்திரேலியா காவலாளையும் நிறுத்தி எண்ணிக்கையும் வைத்திருக்கிறது.

காவலாளுக்கு ஆதரவான வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. முதுகுவலி என்று வருபவரில் மிகச் சிலருக்குப் பின்னால் புற்றுநோயோ, எலும்புத் தொற்றோ, நரம்பு நசுங்கலோ இருக்கும். நோயாளியின் முழு வரலாறும் தெரிந்தவர் குடும்ப மருத்துவர்; அவரைத் தாண்டிப் போனால் கவனிப்பு துண்டு துண்டாகும் என்பது மருத்துவர் தரப்பு. ஆனால் இந்த ஆபத்துக் குறிகளைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் பயிற்சி பிசியோவுக்கு இருக்கிறது என்றுதான் 1976 முதல் சட்டமும் தொழிலும் ஏற்றிருக்கின்றன. கைக்காசு கொடுத்து வருபவரை அவர் பாதுகாப்பாகப் பார்க்கலாம், மெடிகேர் காசில் வருபவரை மட்டும் பார்க்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? கடிதத்தின் வேலை பாதுகாப்பு என்ற வாதம் இங்கே நிற்கவில்லை. செலவைக் கட்டுப்படுத்துவதற்கு என்று நேராகச் சொன்னால் அதை ஒரு வாதமாக எடுத்துக்கொள்ளலாம். எதற்கு எவ்வளவு என்று பேசலாம்.

எதிர்த்திசையிலும் இதே முடிச்சு. முழங்காலில் சவ்வு கிழிந்திருக்கிறது என்று பிசியோ கண்டுபிடிக்கிறார். முதுகெலும்பு, இடுப்பெலும்பு எக்ஸ்ரே சிலவற்றுக்கு அவர் எழுதினால் மெடிகேர் ஏற்கும். எம்ஆர்ஐக்கு எழுதினால் ஏற்காது. எலும்பு மருத்துவரிடம் அவர் நேரே அனுப்பினால், மருத்துவர் பார்ப்பார், ஆனால் சிறப்பு மருத்துவருக்கான மீள்தொகை கிடைக்காது. கண்ணாடிக் கடை ஆப்டோமெட்ரிஸ்ட் கண் மருத்துவருக்கு எழுதும் கடிதத்தை மெடிகேர் ஏற்கிறது. பல் மருத்துவர் எழுதுவதையும் ஏற்கிறது. பிசியோ எழுதுவது செல்லாததால், நோயாளி ஜீபியிடம் போய், பிசியோ சொன்னதைச் சொல்லி, கடிதம் வாங்கி, எலும்பு மருத்துவரிடம் போகிறார். அந்த நடு வருகைக்கும் மெடிகேர்தான் காசு தருகிறது. மார்க் கார்மாக் தலைமையில் நடந்து 2024 இறுதியில் வெளியான தொழில் எல்லை மறுஆய்வு, குறிப்பிட்ட சூழல்களில் துணைமருத்துவத் தொழிலர்களே சிறப்பு மருத்துவருக்கு நேராக அனுப்பலாம் என்று பரிந்துரைத்தது. எதிர்பார்த்தபடியே பிசியோ சங்கம் கொண்டாடியது, மருத்துவர் சங்கம் முகம் சுளித்தது.

2021 கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழ் பேசுவோர் ஆஸ்திரேலியாவில் 95 ஆயிரத்துக்கும் மேல். இவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் வரும் முதல் தடை மெடிகேர் அட்டையே. பேரப்பிள்ளையைப் பார்க்க வருகை விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கும், 2019இல் தொடங்கிய தற்காலிகப் பெற்றோர் விசாவில் ஆண்டுக்கணக்கில் தங்குவோருக்கும் மெடிகேர் இல்லை. பதினொரு நாடுகளோடு ஆஸ்திரேலியா பரஸ்பர மருத்துவ உடன்பாடு வைத்திருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் இல்லை. சர்வதேச மாணவர்களின் கட்டாயக் காப்பீட்டில் அடிப்படைத் திட்டம் பொதுவாக கிளினிக் பிசியோவை ஏற்பதில்லை. தஞ்சம் கோரி இணைப்பு விசாவில் இருக்கும் ஈழத்தமிழர்களுக்கு விசாவின் நிபந்தனையைப் பொறுத்து அட்டை வரும், விசா காலாவதியானால் அதுவும் காலாவதியாகும். இவர்களில் அட்டை இல்லாத யாருக்கும் ஜீபி கடிதத்தால் பயனில்லை. 1976 தந்த உரிமைதான் பயன். நேரே போகலாம், முழுக் கட்டணம் கட்டவேண்டும். வருகையாளர் காப்பீடு எடுக்கும்போதே பிசியோ உண்டா என்று கேட்டுவிடுவது மலிவு.

அட்டை இருப்போருக்கு அடுத்த தடை, பேசத் தயங்குவது. ‘கால் கொஞ்சம் வலிக்குது டாக்டர்’ என்று மாத்திரை வாங்கிக்கொண்டு எழுந்துவிடும் மாமியிடம் மருத்துவர் தானாகக் கேர் பிளான் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. எத்தனை மாதமாக வலி, படியேற முடிகிறதா, தொழுகைக்கோ பூஜைக்கோ தரையில் உட்கார முடிகிறதா, இரவில் தூக்கம் கெடுகிறதா என்று சொன்னால்தான் நாள்பட்டது என்பது பதிவாகும். தமிழில்தான் சொல்ல வரும் என்றால், ஜீபிக்கு அரசின் இலவச மொழிபெயர்ப்புத் தொலைபேசிச் சேவை உண்டு. மகனையோ மருமகளையோ வைத்துக்கொண்டு சிறுநீர்க் குறையைச் சொல்வதைவிட முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளரிடம் சொல்வது எளிது. முன்பதிவு செய்யும்போதே திட்டம் போடவேண்டும் என்று சொல்லி நீண்ட நேரம் கேட்கவேண்டும். பத்து நிமிடச் சந்திப்பில் கேட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். கடிதத்தின் தேதி பிசியோவைப் பார்த்த தேதிக்கு முந்தியதாக இருக்கவேண்டும். பார்த்துவிட்டுப் பின்தேதி கேட்டால் எந்த மருத்துவரும் எழுதமாட்டார், எழுதவும் கூடாது.

2025 ஜூலைக்கு முன் போட்ட பழைய திட்டம் கையில் இருந்தால் பதற்றம் வேண்டாம். அதன் பேரில் 2027 ஜூன் 30 வரை சேவை பெறலாம்; 2025 ஜூலைக்கு முன் எழுதப்பட்ட படிவமும் அதில் உள்ள எண்ணிக்கை தீரும்வரை செல்லும். 2027 ஜூலை 1 முதல் புதிய திட்டம் இல்லாமல் 10960 கிடையாது. அந்த நாளுக்கு முந்தைய வாரங்களில் கிளினிக்குகளில் கூட்டம் அலைமோதும், வலிக்கும் முழங்காலோடு வரிசையில் நிற்கவேண்டியிருக்கும். மறுபார்வைக்குப் போகும்போதே ‘புதுத் திட்டத்துக்கு மாற்றிவிடுங்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்டால் அந்த அலைச்சல் இல்லை.